பிரட்டின் ஓரம்

நாகூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் மர்யம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் அனீஸாவும் நலம். நீங்களும் நலம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், நான் நம்பவில்லை. போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம் அல்லவா? உங்கள் ரூமில் தங்கும் ஜாஃபர் சாதிக் லீவு முடிந்து நாளை ஷார்ஜா கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே நல்ல மழை. கொல்லை முருங்கை சாய்ந்துவிட்டது. அனீஸா காலேஜுக்கு நனைந்துகொண்டே போய் வருகிறாள், குடை பிடித்தால் கௌரவக் குறைச்சலாம்.

மூன்று வேளையும் பாலில் பிரட் நனைத்துத் தின்கிறேன், பழகிவிட்டது என்று போன மாதம் சொன்னீர்களே, அதிலிருந்து எனக்கு ஓர் ஆசை. நீங்கள் தின்பதையே நானும் தின்னலாம் என்று வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். சிரிக்காதீர்கள். முதல் தடவை ஆப்ப மாவு என்ற நினைப்பில் ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டேன். காலையில் மாவு சட்டியைவிட்டு இறங்கி அடுப்பு மேடையில் கிடந்தது. ஈஸ்ட் போட்ட மைதா இரண்டு பங்காக உப்பியதுமே எடுத்துவிட வேண்டுமாம், அனீஸா போனில் பார்த்துச் சொன்னாள். அடுத்த தடவை அப்படியே எடுத்து, பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் பாத்திரத்தை வைத்து மூடினேன். வெந்தது, ஆனால் மேலே வெளிறிக் கிடந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணலைக் கொட்டினேன். இன்று காலை மேலே சிவந்து, உள்ளே பஞ்சு மாதிரி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசம் தெருவரைக்கும் போய்விட்டது. மீன் கூடையோடு போன நீலாயதாட்சி வாசலில் நின்று, என்னக்கா பிரட் வாசம் வருது, வீட்ல யாருக்கு முடியல என்று கேட்டாள். யாருக்கும் ஒண்ணுமில்லடி என்று சிரித்து அனுப்பினேன். அவள் போனதும்தான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் இல்லாமல் நம் வீட்டுக்குள் என்றைக்கு பிரட் வந்திருக்கிறது? டைஃபாய்டில் கிடந்தபோதுகூட நீங்கள் பிரட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, சோறு போடு என்று என்னிடம் சண்டை பிடித்தவர். அந்த மனுஷன் ஆசைப்பட்டா இதைத் தின்பார்?

மத்தியானம் பார்சல் வாங்க ஜாஃபர் சாதிக் வந்தார். அக்காவாக நினைத்துச் சொல்லுங்கள், மச்சான் உடம்புக்கு என்ன என்று கேட்டேன். மச்சான் நல்லாத்தான் இருக்காரு லாத்தா என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சரி என்று பிரட்டை முழுசாகப் பொட்டலம் கட்டினேன். ஓரத்தை வெட்டிருங்க லாத்தா, அவரால ஓரத்தை முழுங்க முடியாது என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. தொண்டைக்குள் கட்டி இருப்பது, டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டை நீங்கள் தள்ளிப்போடுவது, எல்லாம் வந்துவிட்டது. அவரைத் திட்டாதீர்கள், பாவம், கண் கலங்கிவிட்டார்.

ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் வழக்கப்படி கல்யாணமானதும் பெண் வீட்டுக்குக் குடிவந்த மாப்பிள்ளை நீங்கள். மாமனார் வீட்டில் நோயாளியாக வந்து படுப்பதா என்ற ரோஷம். கோபமாக வருகிறது மச்சான், அழுகையும் வருகிறது. இந்த வீட்டை வாப்பா எனக்குக் கொடுத்தார், உங்களையும்தான் கொடுத்தார். உடம்பு நன்றாக இருந்தால்தான் வரலாம் என்று யார் சொன்னார்கள்?

பிரட்டை அனுப்பவில்லை, நாளை அவர் கிளம்பும்போது இந்தக் கடிதத்தை மட்டும் கொடுப்பேன். பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். லீவு கேளுங்கள், கொடுக்காவிட்டாலும் வாருங்கள். தஞ்சாவூரில் நல்ல டாக்டரைப் பார்க்கலாம், நான் கூட இருப்பேன். தொண்டையில் சோறு இறங்குகிறவரை நானே சுட்டுத் தருகிறேன். நடுவை நீங்கள் தின்னுங்கள், ஓரத்தை நான் தின்கிறேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும். ஆமீன்.

உங்கள் வரவு பார்த்திருக்கும்,
மர்யம்