ரோஸ் நிறக் குழாய்

நாகமலை புதுக்கோட்டை,
24.11.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. நான் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகமா?

சஷ்டி விரதத்துக்குத் திருப்பரங்குன்றம் வந்தவர், என் ஆய்வில் நோயாளிகளோடு ஒப்பிடச் சர்க்கரை வியாதி இல்லாத ஆட்களே கிடைக்கவில்லை என்று நான் புலம்பியதும் சட்டைக் கையை மடக்கி ரத்தம் கொடுத்தீர்கள். ஊசி என்றாலே ஓடுகிற கீழக்குயில்குடி சொந்தங்களையும் இழுத்து வந்தீர்கள். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும்?

ஆனால் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேனே அண்ணே! விரதம் இருப்பவருக்குப் பாலும் பழமும் சாப்பாடே இல்லை. சோதனைக்கு அது சாப்பாடுதான். அதைச் சாப்பிட்டதை ஊசி குத்தின பிறகுதான் சொல்கிறீர்கள். என் ஆய்வை வழிநடத்தும் சார் உங்கள் குழாயைக் கொட்டிவிடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை, சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு.

பழத்தால் ஏறியது என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் இன்னொரு சோதனையும் செய்தேன். உங்கள் பலகாரக் கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் காறிப்போகும் இல்லையா, அதுபோல ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. கெடக் கெடக் குழாயில் ரோஸ் நிறம் கூடும். மாரடைப்பு கண்ட சர்க்கரை நோயாளிகளின் குழாய் எந்த நிறமோ, உங்களுடையதும் அதே நிறம். இரண்டு வாழைப்பழம் அதைச் செய்யாது. இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாதுதான். இருந்தாலும் உடனே ஒரு இருதய டாக்டரைப் பாருங்கள்.

அன்புத் தங்கை,
முனீஸ்வரி

திருப்பூர்,
1.12.1999

அன்புத் தங்கச்சிக்கு,

உன் லெட்டரை மதினி கடையில வச்சு எல்லாரு முன்னாடியும் வாசிச்சுட்டா. அன்னையிலிருந்து எனக்கு இனிப்பும் இல்லை, நிம்மதியும் இல்லை.

நம்ம வகையறாவுல குழாயப் பார்த்து இம்புட்டு விவரம் சொல்ற புள்ள நீ ஒருத்திதான். பெருமையாத்தான் இருக்கு. அதுக்காக அண்ணனையே நோயாளி ஆக்கணுமா தாயி? கிரிவலம் சுத்துனேனே, நெஞ்சுல ஒரு வலி இல்லை. மூச்சு மட்டும்தான் வாங்குச்சு. நாப்பத்தாறு வயசாச்சுல்ல. தை மாசம் வாரேன், பச்சத்தண்ணி குடிக்காம ரத்தம் குடுக்குறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை விடு.

அண்ணன்,
சிவக்குமார்

நாகமலை புதுக்கோட்டை,
5.12.1999

அண்ணே,

விட மாட்டேன். மூச்சு வாங்கியது என்று படித்ததுமே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இருந்தால் வலி தெரியாமலே இருதயம் கெட்டுப்போகலாம். பலருக்கு அந்த மூச்சு வாங்கல் ஒன்றுதான் அடையாளம்.

நான் எம்.எஸ்சி. படிக்கப் போகிறேன் என்றதும் ஊரே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. கேலி பேசியவர்கள் வாயை அடைத்து என்னைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அன்றைக்கு என் படிப்பை நம்பினீர்கள். இன்றைக்கும் ஒருமுறை நம்புங்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன்.

முனீஸ்வரி

கோயம்புத்தூர்,
18.12.1999

தாயி,

படுத்துக்கிட்டே எழுதுறேன், எழுத்து கோணலா இருக்கும்.

உண்மையைச் சொல்லவா? வீம்புக்குத்தான் டாக்டர்கிட்டப் போனேன். ஒண்ணுமில்லைன்னு எழுதி வாங்கி உன் மூஞ்சியில விட்டெறியலாம்னு நெனச்சேன். ஓடுற மிஷின்ல ஏத்துனாங்க. கொஞ்ச நேரத்துலயே நிறுத்தி, அப்படியே இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. சர்க்கரை இருக்காம், பழத்தால இல்லையாம். இருதயத்துல மூணு இடத்துல அடைப்பு.

"வலியே இல்லாத ஆளை யாருங்க இங்க அனுப்புனது?"ன்னு பெரிய டாக்டர் கேட்டாரு. தங்கச்சின்னு சொன்னேன். டாக்டரான்னாரு. "இல்ல சார், மதுரையில ஆராய்ச்சி பண்ற புள்ள"ன்னு நீ பண்ற சோதனையச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு நன்றி சொல்லுங்க, இல்லைன்னா மாரடைப்பு வந்த பிறகுதான் உங்களைப் பார்த்திருப்போம்"னாரு. நோயாளியாக் கிடக்கேன், ஆனா எனக்கு அம்புட்டுப் பெருமை தாயி. பக்கத்துக் கட்டில்காரருகிட்டயும் சொல்லிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மதினிகிட்டயும் பிள்ளைககிட்டயும் சிரிச்சுப் பேசுறேன். உன்கிட்ட நடிக்க முடியலை. பயமா இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள வந்துரு.

அண்ணன்,
சிவக்குமார்