பின்னால் நிற்கிற பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாம்பர்க் மாநகரத்துப் பனி மொத்தத்தையும் தனி ஆளாக அள்ளிக் கொட்டிவரும் உங்கள் மகன் ஸ்ரீரங்கன் நமஸ்காரத்துடன் எழுதுவது. நான் எட்டு யானை பலத்தோடு இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு இங்கே ஒரு சின்ன ராஜதந்திரச் சிக்கல். காலை டிபனுக்குப் போன கடையில் கூட்டம். நம் மயிலாப்பூர் மெஸ் வழக்கப்படி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடித்தேன். மூன்று முறை திரும்பிப் பார்த்தவர், "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" என்றார். இங்கே அப்படி நிற்பது போலீஸ்காரர் மட்டும்தானாம்.

நின்றபடியே கண் சொக்கியது. ரொட்டி வாசனை பொங்கல் வாசனையானது; மயிலாப்பூர் மெஸ்ஸில் சின்னப் பையனாக உங்களோடு நிற்கிறேன். என் கையடக்க வீடியோ கேம் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, விழுகிற கட்டைகளை நீங்கள் அடுக்குகிறீர்கள். காலியான நாற்காலியில் வேறு யாரோ உட்காருகிறார். "இருடா, இந்த ஒரு வரிசையை முடிச்சுண்டு வந்துடறேன்" என்கிறீர்கள். அந்த ஒரு வரிசைக்குள் மூன்று தலைமுறை பொங்கல் சாப்பிட்டுக் கைகழுவிப் போனது.

நீங்கள் இப்போது டிபனுக்கு வெளியே போவதே இல்லை என்று சாருலதா அக்கா சொன்னாள். தனியாக என்ன டிபன் என்றீர்களாம். அந்த கேம் பெட்டி இன்னும் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. புது பேட்டரி போட்டு, ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு எடுத்துப் போங்கள்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். எதிர் நாற்காலிக்கு யாராவது வந்தால், பின்னால் என் பிள்ளை நிற்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.

ரங்கன்