நூர்ஜான் பெயரை அடித்துவிடச் சொல்லுங்கள்

காதர்பேட்டை, திருப்பூர்
12-8-1973

அன்புள்ள மச்சான் அமானுல்லா அவர்களுக்கு ரஹ்மத்துன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், இருமல் நின்றதா?

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாம் மூவரும் சிங்கப்பூரில் நிரந்தரமாகக் குடியிருக்கப் போட்ட மனுவில், நிக்காஹ் ஆனால் நூர்ஜான் பெயரை எடுத்துவிடுவார்களாம். அதனால் அனுமதி வரும் வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்கிறீர்கள். எழுதக் கை கூசவில்லையா? இதே காரணத்துக்காகத்தான் பல்லடத்து வரனைத் தட்டிவிட்டோம். அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

மனுவுக்கு முதல் படம் எடுத்தபோது நூர்ஜானுக்கு முன்பல் இல்லை. அப்புறம் முகம் மாறிவிட்டது என்று வேறு படம் கேட்டார்கள், அனுப்பினோம். இப்போது மறுபடியும் கேட்கிறார்களாம். வளர்கிற பிள்ளைக்கு முகம் மாறாமல் என்ன செய்யும்? கம்பெனி மாறினால் மனு முதலிலிருந்து தொடங்கும் என்பதால் உங்கள் முதலாளி வைத்ததுதான் சட்டம். பனியன் மிஷினைப் பிரித்துப் பூட்ட உங்களை விட்டால் ஆளில்லை என்று வருஷா வருஷம் மனுவில் கையெழுத்துப் போடுகிறார், சம்பளம் மட்டும் ஏற்ற மாட்டாராம். அந்த மனிதரை நினைத்தாலே வயிறு எரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும் உங்களை நினைத்தால் இன்னும் எரிகிறது.

மாப்பிள்ளை நஜீமுதீன் நல்ல பையன். உங்களைப் போல மிஷின் மெக்கானிக்தான், ஆனால் வேலை முடிந்தால் வீட்டுக்கு வருகிறவர். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்துவிட்டேன். நூர்ஜான் பெயரை அடித்துவிடச் சொல்லுங்கள்.

அவர்கள் வீட்டில் உங்களுக்குச் சட்டை தைக்க அளவு கேட்டார்கள். நாளெல்லாம் கம்பெனியில் ஊரார் போடும் பனியனை அளவு பார்த்து மடித்து அடுக்குகிறவள் நான். உங்கள் அளவு எனக்குத் தெரியவில்லை. மனு போட்ட நாளிலிருந்து நீங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தி அம்மா எதிரிலேயே அழுதுவிட்டேன்.

உங்கள் தம்பி பாரூக் வந்தார். "ஏனுங்க மதினி, அண்ணன்கிட்ட சம்மதம் எழுதி வாங்கிட்டா, நிக்காஹ்ல பொண்ணக் குடுக்கற வலியா நானே உக்காந்துக்கறனுங்க" என்றார். பெண்ணைக் கொடுக்கத் தகப்பன் இருக்கும்போது சித்தப்பா எதற்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனு நடக்கும்போது நாட்டை விட்டு வந்தால் எல்லாம் ரத்தாகிவிடும் என்பீர்கள். ரத்தாகட்டும். என் பெயரையும் சேர்த்தே அடிக்கட்டும். நீங்கள் வராமல் சம்மதக் கடிதம் மட்டும் வந்தால் அடுப்பில்தான் போடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அம்மா, அத்தா வருவாங்களா?" என்று நூர்ஜான் கேட்டாள். வருகிறார் கண்ணு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளையிடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
ரஹ்மத்துன்னிசா