கன்னக்குழி எந்தப் பாடத்தில் வருகிறது?

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பயப்படாதே, கிடங்கில் ஒரு பெட்டி சரிந்து கன்னத்தில் இரண்டு தையல், அவ்வளவுதான். எங்கே வலிக்கிறது என்று நர்சிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ இங்கே வருவதற்கான பரீட்சைக்குப் படித்து, இந்த ஊர் மொழியில் முகத்துச் சொற்களை எழுதி அனுப்பினாயே, அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

நெற்றி, புருவம், தாடை எல்லாம் சரி. கடைசியில் கன்னக்குழிக்கும் ஒரு சொல் எழுதியிருக்கிறாய். அறை நண்பரிடம் காட்டினேன். "ஒன்பது வருஷமா இங்க இருக்கேன், எனக்கே இது தெரியாதுப்பா. யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

உன் பாடப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. புரட்டிப் பார்த்தேன், மூக்கும் காதும்தான் இருக்கின்றன. உங்கள் வாத்தியார் யார் கன்னத்தைப் பார்த்து அதைச் சொல்லிக் கொடுத்தார்? சிரித்தால்தானே உனக்கே அது விழும்! வகுப்பில் அப்படி என்ன சிரிப்பு?

சந்தேகமெல்லாம் இல்லை, சும்மா கேட்டேன். சிரிக்கிற போட்டோ ஒன்று அனுப்பு. என்னிடம் இருப்பது விசாவுக்கு எடுத்த உம்மணாமூஞ்சிப் படம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒரே தடவையில் பாஸ் பண்ணிவிடு. ஃபெயிலானால் மறுபடியும் அந்த ஆள் முன்னால்தான் போய் உட்கார வேண்டும்.

உன் வீட்டுக்காரன்