வேலி தாண்டிப் போன குருவி

என்ரை ஆசை அண்ணைக்கு,

சாவகச்சேரியில் மழை பிடித்துவிட்டது. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது தவழ்ந்து திரிந்த உங்கள் மகள் யாழினி இப்போது ஓடுகிறாள், பிடிக்க முடியாது. அண்ணி சுகம். நேற்று அவ சொன்ன ஒரு கதையை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாமல்தான் எழுதுகிறேன்.

எண்பத்துமூன்று கலவரத்தில் நுவரெலியாவில் வீடு, வேலை எல்லாம் விட்டு, அகதிக் கப்பலில் வந்திறங்கினீர்கள். பிறகு கதைக்கிறதையே விட்டீர்கள். அம்மா என்ன கேட்டாலும் ஓம், இல்லை. அவ்வளவுதான். மலைக்காட்டுக் குருவியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கும். முகில் மூடின காட்டில், தாழ்ந்த கிளையில் வாலை ஆட்டியபடி பூச்சி பிடிக்குமாம். தொண்டை பனங்களிபோலச் செம்மஞ்சளாம்.

"காஷ்மீரிலையிருந்து வாற குருவி, பவளம். மலைக்குப் போறதெண்டால் எங்கடை தலைக்கு மேலாலைதான் போகவேணும்."

"இந்த வெயிலுக்குள்ளை அது ஏன் இறங்கப்போகுது?" என்று நான் சிரித்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு காலை. நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன், நீங்கள் கிணற்றடியில் பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றீர்கள். "பவளம், அது! தேசிமரத்திலை!" என்ற உங்கள் சத்தத்தில் விளக்குமாற்றைப் போட்டுவிட்டேன். நானும் கண்டேன், அண்ணை. ஒரு கைப்பிடிகூட வராத குருவி, அந்தத் தொண்டை! அது பறக்க, நீங்களும் நாய் புகுகிற வேலிப் பொட்டுக்குள்ளால் பாய்ந்தீர்கள். சாரத்தில் ஒரு துண்டு வேலியோடு நின்றுவிட்டது.

அங்கால் வளவில், புதிதாக வாடகைக்கு வந்த ரஞ்சிதம் ரீச்சர் தலை உலர்த்திக்கொண்டு நின்றா. உங்களுக்கோ வாயெல்லாம் பற்பொடி, வெறும் மேல். ஊரைக் கூட்டப்போறா என்று நான் பயந்தேன். நீங்களோ, "அசையாதேங்கோ!" என்றீர்கள். அவ அசையவில்லை.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உங்கள் குரல் நிற்காமல் கேட்டது. கதைத்தீர்கள், கதைத்தீர்கள், அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து வேலியடியில் நின்று அழும்வரை கதைத்தீர்கள். தையில் ரீச்சர் எனக்கு அண்ணியானா. "ரீச்சர் வீட்டுக் கொய்யாவுக்குள்ளை குருவி ஒரு மணித்தியாலம் நிண்டது" என்று கலியாணப் பந்தலிலும் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னீர்கள்.

நேற்று அரிசி புடைக்கும்போது அண்ணி சிரித்தபடி சொன்னா: "அது கொய்யாவிலை இருக்கவேயில்லை, மச்சாள். அவர் வேலிக்குள்ளாலை தலையை நீட்டேக்கையே பறந்திட்டுது. உந்தக் கொப்புக்குப் பின்னாலை நிக்குதெண்டு நான்தான் சொன்னனான்."

"ஏனண்ணி?"

"இல்லையெண்டால் திரும்பிப் போயிருப்பார். அப்பிடிச் சந்தோசப்பட்ட மனிசரை நான் முன்னம் கண்டதில்லை."

சிரித்துச் சிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன். எவ்வளவு பெரிய காட்டிலும் அந்தக் குருவியைக் கண்டுபிடிக்கிற உங்களுக்கு, கொய்யாமரத்தில் அது இல்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான் நின்றீர்களோ, அண்ணை?

அண்ணி வெட்கப்பட்டுத் தடுத்தாலும், யாழினி கேட்கிற வயதில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பேன். இது சத்தியம்.

உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
பவளம்