அதுவும் லஞ்சம்தான்

அன்புள்ள அப்பாவுக்கு, மூத்தவள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

பதறாமல் படியுங்கள். இந்த நாட்டில் வேலை பார்ப்பதற்கான அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது, தன்னோடு ஓர் இரவு தங்கினால்தான் கையெழுத்து என்றான் அங்கிருந்த அதிகாரி. நான் நேராகப் போலீசுக்குப் போய்விட்டேன். நேற்று கோர்ட்டில் சாட்சி சொன்னேன்.

அவனுடைய வக்கீல் கேட்டார்: “உங்ககிட்ட பணம் கேட்டாரா?”

“இல்லைங்க.”

“அப்புறம் இதுல லஞ்சம் எங்கேம்மா வந்துச்சு?”

கூண்டில் நின்று சொல்லிவிட்டேன். “பணம் கேட்டிருந்தா கடன உடன வாங்கியாவது குடுத்திருப்பேன். அவர் கேட்டது என்னையே. கையெழுத்துக்கு வெலை வச்சா அது லஞ்சம் இல்லாம வேற என்னங்க?”

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் அனுமதியை வேறொருவர் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும், என்னோடு துணி தைக்கும் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். “என்கிட்டயும் கேட்டான்க்கா. பயந்து வாயே தெறக்கல. இப்ப நானும் சொல்றேன்.”

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். திரும்பி வா என்று மட்டும் சொல்லாதீர்கள். வழக்கு முடியாமல் வரமாட்டேன். அடுத்த முறை பேசும்போது போனைக் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே வையுங்கள். நீங்கள் இருவரும் சண்டை போடுவதைக் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. யாராவது ஒருமாதிரி விசாரித்தால் மழுப்பாதீர்கள். “என் மக கேஸ் போட்டிருக்கா” என்று சத்தமாகவே சொல்லுங்கள்.

உங்கள் மூத்தவள்