ஏழு பேருக்கும் என் நம்பர்

ஜூன் 6, வெள்ளி

அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாற்றிவிட்டு சிவாஜிநகர் பஸ் பிடித்தேன். நகைக்கடையில் என்னோடு சேர்த்து எங்கள் கட்டடத்துப் பெண்கள் ஏழு பேரின் மாதச் சீட்டையும் கட்டினேன். கூட்டம்.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். போன மாதம் அவர்கள் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, சீட்டு கட்டுகிறவர்களின் ஆதார், பான், பிறந்த தேதி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். "பயப்படாதீங்கம்மா, ஒரு வருஷத்துக்குக் கண்காணிப்பு ஃப்ரீ. உங்க பேர்ல எவனாவது லோன் கேட்டா உடனே மெசேஜ் வரும்" என்று ஆளுக்கொரு கூப்பன் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஏழு பேரையும் நானே பதிந்துவிட்டேன். எல்லாருக்கும் என் நம்பர்தான். சீட்டில் சேர்த்தபோதும் அப்படித்தான். பக்கத்து வீட்டு லவினா அடிக்கடி சிம் மாற்றுகிறாள். மாடி வீட்டு சொர்ணத்தின் போன் பாதி நாள் அவள் வீட்டுக்காரனிடம். மற்றவர்களும் இங்கிலீஷ் மெசேஜ் வந்தால் என்னிடம்தான் ஓடிவருகிறார்கள். பிறகு எதற்கு இரட்டை வேலை?

"குணாக்கா, நீ இருக்கும்போது எனக்கு இன்னாத்துக்கு பயம்? இந்த பில்டிங்குக்கே நீதான் கலெக்டரு" என்றாள் சொர்ணம். பெருமையாகத்தான் இருந்தது. எட்டாவதோடு நின்றவள் நான். பால் பாக்கெட்டிலும் கரண்ட் பில்லிலும் எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தவள். சொர்ணத்துக்கு பான் கார்டு வாங்கிக் கொடுத்ததே நான்தான், சீட்டில் சேர்ப்பதற்காக.

ஜூன் 16, திங்கள்

கண்காணிப்பு மெசேஜ் ஏழும் வந்தன. எல்லாம் நலம். ஒரு சூடம் ஏற்றினேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரசம் தாளிக்கும்போது மெசேஜ். உங்கள் பெயரில் புதிய கடன் கேட்கப்பட்டிருக்கிறது, நீங்கள் கேட்கவில்லையென்றால் உடனே தெரிவிக்கவும் என்று. அடுப்பை அணைத்துவிட்டு என் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எவனோ பொய் மெசேஜ் போடறான். லிங்க்க தொட்டே, பேங்க்ல இருக்கறதும் பூடும்" என்றார்.

அழித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

மறுபடியும் அதே மெசேஜ். அழித்தேன். சாயந்திரம் அம்மனுக்குப் பால் பாயசம்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

கோயிலில் கூழ் ஊற்றினோம். வருஷா வருஷம் கிண்டிக் கொடுக்கிற சொர்ணம் வரவில்லை. ஒரு பாத்திரத்தில் கூழ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஆபீஸ் பேண்ட்ரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மகள் இளவேனில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்சிங் காலேஜில் இடம் கிடைத்து, படிப்புக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பேங்கில் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் ஆப்புல ரெண்டு லோன் வாங்கனேனாம்க்கா. தவண கட்டாம ஏமாத்தறேனாம். பேங்க்ல அந்த ஷில்பா மேடம், 'ஏம்மா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா'ன்னு கேக்குது. பொண்ணு எதிர்ல."

உள்ளே இருந்து அவள் வீட்டுக்காரனின் குரல்: "எவனுக்குடி குடுத்தே அந்தக் காச?"

இளவேனில் திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்தே, அம்மா வாங்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். எப்போது வாங்கியதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஜூன் கடைசியில."

கூழை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

சொர்ணத்தின் பெயரில் நான் போட்ட கணக்கைத் திறந்தேன். சிவப்பில் இரண்டு எச்சரிக்கை. மெசேஜ் வந்த அதே இரண்டு நாள்.

மெசேஜில் பெயர் இல்லை. உங்கள் பெயரில் என்று மட்டும்தான் இருந்தது. உங்கள் என்றால் என்னை என்று எப்படி நினைத்தேன்? அந்த நம்பருக்குப் பின்னால் ஏழு பேரை நிறுத்தியது யார்? என் கணக்கை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, சுத்தம் என்று மூடினேனே. மற்ற ஆறையும் திறக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? ரசம்கூட ஆறியிருக்காது.

கண்காணிப்பு சும்மா பேருக்கு என்று நேற்றுவரை நினைத்தேன். இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறது, இரண்டு தடவை. நான்தான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

கடைக்காரன் பூட்டியிருந்தால் திருட்டுப் போயிருக்காது. திருடியவன் எவனோ. நான் நல்லதுக்குத்தானே செய்தேன்? — காலையிலிருந்து இதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்காரரும் இதையேதான் சொல்கிறார். "உன் தப்பு இன்னா இருக்குது இதுல? வாய மூடிக்கினு இரு. சொன்னியா, பில்டிங்கே உன் மேல வுழும்."

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?"

"இருவத்தெட்டு வருஷத்துல நான் சொல்லி நீ எதக் கேட்டிருக்கே? அது ஒண்ணத்தான் கேக்கணுமா?"



ஏழு பேரைச் சேர்த்துவிட்டதற்குக் கடையில் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தார்கள். பூஜையில்தான் இருக்கிறது. இன்று அதிலிருந்து குங்குமம் எடுக்கக் கை வரவில்லை. பேப்பர் பொட்டலத்திலிருந்து வைத்துக்கொண்டேன். அம்மன் முகத்தைப் பார்க்காமலே கற்பூரம் காட்டினேன். இது ஒரு பூஜையா?

மேலே சத்தம். சொர்ணத்தின் வீட்டுக்காரன் கத்துகிறான். அவள் பதில் பேசுவது கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சொர்ணம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு தடவ வந்துச்சா?"

"ரெண்டு தடவ."

"மொத தடவ வந்தப்பவே என்னாண்ட சொல்லியிருந்தா, ரெண்டாவது லோன் ஆயிருக்காதா?"

"ஆயிருக்காது சொர்ணம்."

மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"சனிக்கிழம."

"சனிக்கிழமையிலிருந்து அவன் என்னத் திருடிங்கறான். நீ கீழ உக்காந்து கேட்டுக்கினு இருந்தே."

அதுதான். அவளுக்கு வலித்தது கடன்கூட இல்லை, நான் சும்மா இருந்ததுதான். எனக்கு அழுகை வந்தது. என் சீட்டை முடித்து, அந்த நகையை வைத்து இளவேனிலுக்கு ஃபீஸ் கட்டிவிடலாம் என்றேன்.

"அதக் குடுத்துட்டா உனக்கு மனசு லேசாயிடும். எனக்கு இன்னா ஆவும்? நான் வாங்கலன்னு ஆயிடுமா?" என்றாள். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா. அவன்கிட்ட நீயே வந்து சொல்லு."

போனேன். அவள் வீட்டுக்காரன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இளவேனில் கதவோரமாக நின்று கேட்டாள்.

"அப்ப இவ வாங்கலியா?"

"வாங்கல."

என்னைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஜூலை 23, புதன்

சொர்ணம் லீவு போட்டாள். சைபர் போலீஸ். எழுதிக்கொண்டவர் கன்னடத்தில் கேட்டார், மெசேஜ் வந்த நம்பர் யாருடையது? என்னுடையது. கடன் யார் பெயரில்? இவள் பெயரில். பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். திருடியே எதிரில் வந்து உட்கார்ந்ததுபோல. சொர்ணம்தான் சொன்னாள்: "இவங்க இல்ல சார். இவங்க எங்க அக்கா."

அந்த வார்த்தையைக் கேட்டுத் தலை நிமிர முடியவில்லை.

கண்காணிப்புக் கம்பெனிக்கும் போன் போட்டேன். "நாங்க தகவல் மட்டும்தான் தருவோம் மேடம். கடன் கொடுத்தவங்களுக்குப் புகார் நீங்கதான் போடணும்" என்றாள் ஒரு பெண். அன்றே சொல்லியிருந்தால் முதல் கடனையே நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டேன். "சேன்ஸ் இருந்திருக்கும் மேடம்."

கேட்டிருக்கக் கூடாது.

ஜூலை 28, திங்கள்

காலேஜுக்குப் போனோம். போலீஸ் புகாரின் நகலைக் காட்டிக் கெஞ்சினோம். செப்டம்பர் நடுவரைக்கும் இளவேனிலின் இடத்தைப் பிடித்து வைக்கிறார்களாம், அதற்குமேல் முடியாதாம். பஸ்ஸில் சொர்ணம் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல் கடன் கொடுத்தவர்கள் அது பொய் என்று ஒப்புக்கொண்டு அழித்துவிட்டார்கள். இன்னொன்று அசையவில்லை.

இந்த வாரம் ஆறு பேரையும் கடைக்குக் கூட்டிப்போய் அவரவர் நம்பரை மாற்ற வைத்தேன். கண்காணிப்பிலும் மாற்றியாயிற்று. எல்லாரிடமும் ஏன் என்று சொன்னேன். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. லவினா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "அப்ப இத்தன வருஷமா என் மெசேஜெல்லாம் நீங்கதான் படிச்சீங்களா ஆன்ட்டி?"

சிரித்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்றும் வரவில்லை. தாயே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டாவதும் போய்விட்டது! இளவேனில் ஓடிவந்து சொன்னாள். "அம்மா சொல்லச் சொன்னாங்க அத்தே."

முன்பெல்லாம் அம்மாவே வருவாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

சீட்டு கட்டக் கிளம்பும்போது மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டே சொர்ணம் இறங்கி வந்தாள்.

"நானே கட்டிக்கறேன்க்கா. வழி தெரியும் எனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில்தான் போனோம். எனக்கும் இடம் பிடித்துக் கொடுத்தாள். கவுண்டரில் மட்டும் வேறு வரிசையில் நின்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சொர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் சத்தம் போட்டது. இப்போதெல்லாம் அவளிடமேதான் இருக்கிறது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"நியூ... லோன்... என்... என்கொ..." ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். இதற்குள் கூப்பிடுவாள், இதோ கூப்பிடுவாள் என்று ஈரப் புடவையோடு நின்றிருந்தேன். விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள். முடித்தாள்.

"இளா! பேங்க்ல நம்ம படிப்பு லோன் பேப்பர எடுத்துட்டாங்கடி!"

பிறகுதான் கீழே என்னைப் பார்த்தாள்.

"நம்மளதுதான்க்கா. நான் போட்டது."

"சரி சொர்ணம்" என்றேன்.

புடவையை உதறிப் போட்டேன். உள்ளே வந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.